உறையைத் திறக்காதவன்

பழைய கம்ப்யூட்டர் சேர்க்கும் பழக்கம் எப்படித் தொற்றியது என்று யாராவது கேட்டால், சும்மா ஓர் ஆசை என்று மழுப்பிவிடுவேன். நாள் முழுக்க அடுத்தவர்களுக்குப் பல்செட் செய்கிறவனுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா என்று கேட்டவர்களே சமாதானமும் சொல்லிக்கொள்வார்கள்.

உண்மை வேறு. எனக்குப் பதினாறு வயதானபோது அக்கா தன் ஆராய்ச்சிக் கட்டுரை முழுவதையும் ஒரே ஃப்ளாப்பியில் வைத்திருந்தாள். ஒரு விளையாட்டை நகலெடுக்க எனக்குக் காலி ஃப்ளாப்பி தேவைப்பட்டது. கையில் கிடைத்ததைச் செருகி, உள்ளே இருப்பதையெல்லாம் அழிக்கும் கட்டளையைத் தட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அப்போதுதான் மேசையில் கிடந்த வெற்று உறையைக் கவனித்தேன். அதன் மேல் அக்காவின் கையெழுத்து. திரையைப் பார்க்கத் தைரியமில்லாமல் ஸ்விட்சை அணைத்தேன். ஃப்ளாப்பியை உறையில் போட்டு என் புத்தகங்களுக்கு அடியில் ஒளித்தேன்.

பஸ்ஸில் தொலைத்துவிட்டதாக அக்கா நினைத்தாள். கையெழுத்துக் குறிப்புகளை வைத்து எல்லாவற்றையும் மறுபடி எழுதினாள். பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. நான் வாயே திறக்கவில்லை.

முப்பது வருடம் கழித்து, பழைய இரும்புக் கடையில் அதே மாதிரி ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அழிந்ததா இல்லையா என்றாவது தெரிந்துகொள்ளலாம் என்று வாங்கி வந்தேன். அது எந்த ஃப்ளாப்பியையும் படிக்கவில்லை என்று இன்னொன்று. அதன் திரை மங்கல் என்று மூன்றாவது. நான்காவதில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஐந்தாவதைத் தேடிப் போனேன். உறையை மட்டும் திறக்கவில்லை. தெரியாமல் இருப்பது ஒருவகையில் வசதியாக இருந்தது.

பதினொன்றாவது வந்த வாரம் அக்கா வந்தாள். என் மனைவி அவளை நேராக அந்த அறை வாசலுக்கே கூட்டிவந்தாள்.

"பாருங்க அண்ணி, உங்க தம்பி லட்சணத்த. ஒரு துணி காயப்போட இடமில்ல."

"ஏன்டா, கடை கிடை போடப் போறியா?" என்றாள் அக்கா.

இழுப்பறையிலிருந்து உறையை எடுத்து நீட்டினேன். தன் கையெழுத்தை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது பஸ்ல தொலையலக்கா. நான்தான் அழிச்சிட்டேன்."

அக்கா ஃப்ளாப்பியை வெளியே எடுத்து, அதன் ஓரத்தை விரலால் தடவினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அடப்பாவி! இந்த வெட்டு மேல டேப் ஒட்டியிருக்கு பாரு. நீ கைய வைப்பேன்னு தெரிஞ்சுதான் ஒட்டினேன். டேப் இருந்தா அழிக்க முடியாதேடா. பதினோரு மெஷின் வச்சிருக்க, இது தெரியாதா?"

தெரியும். உறைக்குள் ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.

நான்காவது கம்ப்யூட்டரில் செருகினோம். கரகரவென்று அரைத்தது. கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஏறின. எத்தனையோ வருடமாக நெஞ்சுக்குள் கிடந்த கல் சத்தமில்லாமல் இறங்கியது.

அக்கா முதல் பக்கத்தைப் படித்து முகம் சுளித்தாள். "அப்பவே சொல்லியிருந்தா எனக்கு ஒரு வருஷம் மிச்சம்டா. அதுக்கு உன்ன நாலு சாத்து சாத்தணும். ஆனா என்ன எழுத்து இது, கண்றாவி! ரெண்டாவதா எழுதினதுதான் உருப்படி."

திரையிலிருந்து என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "ஆமா, எந்த விளையாட்டுக்காகடா இவ்வளவும்?"

"அந்த ஆறாவதுல இருக்கு."

"போடு, பாக்கலாம்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அண்ணி, நீங்களுமா?" என்றாள் என் மனைவி, ஈரத்துணி வாளியைக் கீழே வைத்தபடி.