யாரும் தொடாத கோப்பை

காட்டுப்பாக்கத்து எத்திராஜ முதலியார் வெளியூர் கிளம்பினால் வீட்டுத் தண்ணீரைப் பித்தளைக் கூஜாவில் எடுத்துக்கொண்டுதான் கிளம்புவார். அதையும் உதட்டில் படாமல் அண்ணாந்துதான் குடிப்பார். வாய் வைத்துக் குடிக்கிறவன் பக்கத்தில் உட்காரக்கூட மாட்டார். இவ்வளவு ஆசாரத்துக்கும் ஊர் ஒருநாள் பதில் மரியாதை செய்யும் என்று காத்திருந்தார்.

ஜார்ஜ் மன்னருக்கு வெள்ளி விழா நடந்த வருஷம் அது நெருங்கி வந்தது. அம்மன் திருவிழாவில் பரிவட்டம் கட்டிக்கொள்ளும் பெரியவர் காலமாகிவிட்டார். அடுத்தது எத்திராஜா, வரதனா என்பதே ஊர்ப் பேச்சு. வரதனும் அண்ணாந்து குடிக்கிற ஆள்தான். ஆனால் சட்டையில் இரண்டு சொட்டு சிந்தும் என்பது எத்திராஜின் கட்சி.

இந்த நேரம் பார்த்துத் தேயிலை வந்து சேர்ந்தது.

கண் வைத்தியத்துக்குப் பட்டணம் போன எத்திராஜ், மழைக்குச் சைனா பஜாரில் யூசுப் சேட்டின் தேயிலைக் கடையில் ஒதுங்கினார். ஈயத்தாள் ஒட்டிய மரப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. சேட் ஒரு சிட்டிகை இலையைப் பீங்கான் கெண்டியில் போட்டு, வெந்நீர் ஊற்றி மூடினார். பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. மூடியைத் திறந்ததும் பழுத்த கொய்யாவும் வெயிலில் காய்ந்த வைக்கோலும் கலந்தாற்போல ஒரு வாசனை வந்தது.

"டார்ஜிலிங் இலை. ஒரு வாய் பாருங்க நைனா."

"நாங்க வெளிய எங்கியும் வாய் நனைக்கிறதில்ல சேட்டு."

"பார்த்தாலே தெரியுது. அதுக்குத்தான் தனிக் கோப்பை வெச்சிகினு கீறேன். நீலப்பூ போட்டது. கண்டவங்க வாய் படாது."

எத்திராஜ் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். தொண்டை வெந்தது, ருசி எதுவும் தெரியவில்லை.

"மேலேர்ந்து ஊத்தினா நாக்குக்கு இன்னா தெரியும்? வாய் வெச்சி உறிஞ்சணும்."

தெருவை இரு பக்கமும் பார்த்துவிட்டு உறிஞ்சினார். முதலில் லேசான துவர்ப்பு, அது போன பிறகு ஒரு தித்திப்பு. விழுங்கிய பிறகும் நாக்கில் நின்றது.

அன்றிலிருந்து அவர் கண் சனிக்கிழமைதோறும் மோசமாயிற்று. குன்னூர் இலை எது, டார்ஜிலிங் எது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லும் அளவுக்கு வைத்தியம் முன்னேறியது. ஒருமுறை கொஞ்சம் இலை வாங்கிப்போய் மனைவி பொன்னம்மாளிடம் கொடுத்தார். அவள் அதைச் சுக்கோடு கொதிக்கவிட்டு, "இன்னா வியாதிக்கு இது?" என்று கேட்டாள். பிறகு அவர் வீட்டுக்கு வாங்கிவரவில்லை.

பரிவட்டம் யாருக்கு என்று முடிவுசெய்யும் ஊர்க் கூட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை கடைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றார். பெட்டிகளுக்குப் பின்னால் வரதன் உட்கார்ந்து, நீலப்பூக் கோப்பையை உதட்டில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"வா அண்ணாத்தே. குந்து."

"நீ எங்க இங்க?"

"கண்ணு காட்ட வந்தேன்."

"அது என் கோப்பை."

"உன்னுதா? ஆருமே தொடாததுன்னு சொல்லி ரெண்டு வருஷமா சேட்டு எனக்குத்தானே குடுத்துகினு கீறாரு."

இருவரும் சேட்டைப் பார்த்தார்கள். சேட் அசரவில்லை. "இப்பவும் சொல்றேன். கண்டவங்களுக்குக் குடுக்கறதே இல்ல. உங்களமாரி ஆசாரம் பார்க்கறவங்களுக்கு மட்டுந்தான். பூந்தமல்லி, சேக்காடு, எல்லா ஊர்லேர்ந்தும் வராங்க."

எத்திராஜ் அந்த நிமிஷமே திரும்பிப் போயிருக்க வேண்டும். ஆனால் சேட் கெண்டியின் மூடியைத் திறந்துவிட்டார். வரதன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, "கழுவிட்டுக் குடு" என்றார். அவரிடம் மிச்சமிருந்த ஆசாரம் அவ்வளவுதான்.

கூட்டத்தில் எத்திராஜே எழுந்து வரதன் பெயரைச் சொன்னார். தாம் ஜெயித்தால் தோற்றவன் வாயைத் திறப்பான் என்ற பயம். அதே பயத்தில் வரதன் எழுந்து எத்திராஜ் பெயரைச் சொன்னார். இரண்டு பேரின் பெருந்தன்மையைக் கண்டு தர்மகர்த்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது ஜம்புலிங்கம் எழுந்தான். மூன்று வேளையும் பூந்தமல்லி பஸ் நிற்குமிடத்து டீக்கடையில் கிடப்பவன். "ரெண்டு பேருக்கும் வோணான்னா எனக்குக் கட்டுங்கப்பா. வருஷா வருஷம் தேரு இழுக்கறவன் நான்தானே."

எத்திராஜுக்குப் பொறுக்கவில்லை. "டீக்கடை கிளாஸ்ல வாய் வெச்சிக் குடிக்கிறவனுக்கா..."

வரதன் மெல்லக் கனைத்தார். "சொல்லு அண்ணாத்தே. வாய் வெச்சிக் குடிக்கிறவனுக்கு இன்னா?"

"ஒண்ணுமில்ல," என்றார் எத்திராஜ். "நல்ல பையன்."

அந்த ஆடியில் பரிவட்டம் ஜம்புலிங்கத்தின் தலையில் ஏறியது. அவன் தலைக்குத் துணி சரியாகப் பொருந்தவில்லை என்று எத்திராஜ் பொன்னம்மாளிடம் மட்டும் சொன்னார்.