மீதி கொடுத்த ஏட்டு

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. மதுரையிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டு, "பல நாட்டுப் போலீஸ் எப்படியெப்படி லஞ்சம் வாங்குதுன்னு ஒப்பிட்டு எழுதுங்களேன். நீங்கதான் எல்லையிலேயே இருக்கீங்களே" என்றார். இருப்பது உண்மைதான். பூட்டான் வாசலை ஒட்டிய வங்காளச் சிற்றூர் ஒன்றில், ஆரஞ்சு மொத்த வியாபாரியின் கிட்டங்கியில், இருபது வருடத்துக்கு மேலாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

(ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். பயமா என்றால், ஆமாம், பயம்தான். நாளைக்கும் நான் இதே சாலையில் போக வேண்டும்.)

ஆராய்ச்சிக்கு மன்மாயா தீதியின் (நம் ஊரில் அக்கா) டீக்கடையைத் தேர்ந்தெடுத்தேன். மலையேறும் லாரியும் இறங்கும் லாரியும் அங்கேதான் நிற்கும். அங்கே போய் உட்கார்ந்ததுதான் தப்பு. கட்டுரை கைநழுவிப் போய்விட்டது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"பனி மூடிய மலையடிவாரத்தில், தேசங்களின் மனசாட்சி உறங்கிக்கொண்டிருந்த..."

வேண்டாம். இங்கே பனி கிடையாது, கல்லுடைக்கும் புழுதிதான். மனசாட்சி எந்த லாரியிலும் வந்து இறங்கியதாகத் தகவல் இல்லை.

"லஞ்சம் என்பதன் வரலாற்றை ஆராயப் புகுந்தால்..."

இதுவும் வேண்டாம். புகுந்தால் நம் வீட்டுக் கொல்லைவரை போக வேண்டியிருக்கும்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். மூன்று டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வங்காளி பிபத், நேபாளி தன்பீர், பூட்டான்காரன் நம்கே. நான் கேள்வியைப் போட்டதும் பிபத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"எங்க போலீஸ் தொழில் சுத்தம்ணே. மாசத்துக்கு ஒரு தடவை குடுத்தா படம் போட்ட அட்டை ஒண்ணு தருவாங்க. போன மாசம் கிளி, இந்த மாசம் மீன். கண்ணாடியில ஒட்டிட்டாப் போதும், ஒருத்தன் கை காட்ட மாட்டான்."

"அட்டையாவது கிட்டையாவது" என்றான் தன்பீர். "அது குமாஸ்தா வேலை. எங்க ஆளு பாசக்காரன். வண்டிய நிறுத்தி, அம்மாவுக்கு உடம்பு எப்படிம்பான். நல்லாருக்குன்னா, 'அப்ப மருந்துச் செலவு மிச்சம்தானே, இங்க குடு'ம்பான்."

"உடம்பு சரியில்லேன்னு சொல்லிட்டா?"

"அவன் அம்மாவுக்கு அதைவிட மோசம்பான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெளியூரில் உட்கார்ந்துகொண்டு நம் ஊரை விட்டுக்கொடுக்க முடியுமா? "எங்க ஊர்ல கையே நீட்ட மாட்டாங்கப்பா. தொப்பியைக் கழட்டி நம்ம சீட்டுல வச்சிட்டு, அந்தப் பக்கம் திரும்பி வானத்தைப் பார்ப்பாங்க" என்றேன். பிபத் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மிச்சம் நம்கே. அவன் டம்ளரையே பார்த்துக்கொண்டு, "எங்க ஊர்ல ரசீது குடுப்பாங்க" என்றான்.

"எதுக்கு?"

"அபராதத்துக்கு."

"சரி, அபராதம் போக?"

"போக ஒண்ணுமில்ல."

கடையே குலுங்கிச் சிரித்தது. மன்மாயா தீதிதான் கொஞ்சம் இரக்கப்பட்டார். "விடுங்கப்பா, பாவம், சின்ன நாடு."

அந்த இரக்கம்தான் நம்கேயைக் குத்தியது என்று நினைக்கிறேன். காது சிவந்துவிட்டது. "ஏன் இல்ல? இருக்காரு" என்றான். "மலை வளைவுல ஒரு ஏட்டு. ஷெராப்னு பேரு. பணத்தைத் தொட மாட்டாரு. மிளகாய்தான். ஒரு பை குடுத்தா, ஒண்ணை எடுத்துக் கடிச்சுப் பார்ப்பாரு. காரம் பத்தலேன்னா வண்டி நகராது."*

"கடிச்சுப் பார்ப்பாரா!" என்றான் பிபத், பக்தியோடு.

* ஷெராப், நம்கேயின் மனைவிக்கு அண்ணன். பொய்க்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. போலீஸில் அவனுக்குத் தெரிந்த பெயர் அது ஒன்றுதான். நம்கே வீட்டில் மனைவியிடம் எதற்கெடுத்தாலும் "எங்கண்ணன் மாதிரி நேர்மையா இரு" என்று இடி வாங்குகிறவன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு முக்கியமான செய்தியை அடிக்குறிப்பில் போடலாமா? அவனும் எல்லோரும் போன பிறகுதான் என் காதில் சொன்னான்.

3

இந்த இடத்தில் எனக்கே ஷெராப் மீது சந்தேகம் வந்துவிட்டது. லஞ்சம் வாங்காத ஏட்டு என்று எழுதினால் எந்த வாசகர் நம்புவார்? அவருக்கு ஏதாவது ஒரு குறை வைக்கப் பார்த்தேன். குறட்டை விடுவார் என்று எழுதி, அடித்துவிட்டேன். உண்மையில் அவருக்கு இருந்த குறை ஒன்றுதான். மரியாதை.

பூட்டானில் யாராவது ஒன்றை நீட்டினால் உடனே வாங்குவது அநாகரிகம். வாயைக் கையால் மூடிக்கொண்டு "மெஷு, மெஷு" என்று மறுக்க வேண்டும். மறுபடி நீட்டினால் மறுபடி மறுக்க வேண்டும். மூன்றாவது முறையும் நீட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காவிட்டால் கொடுத்தவருக்கு அவமானம்.

நம் டிரைவர்களோ தொழில் தெரிந்தவர்கள். கீழே இறங்கும்போது மலைச் சந்தையில் ஆளுக்கொரு பை மிளகாய் வாங்கிக்கொண்டார்கள். ஷெராப் "வேண்டாம்" என்றது அவர்கள் காதில் "போதாது" என்று விழுந்தது.

"என்னா ஆளுண்ணே!" என்றான் பிபத், டீக்கடையில். "வாயப் பொத்திக்கிட்டு ரெண்டு தடவை வேணாங்கிறாரு. மூணாந்தடவை இன்னொரு பிடி சேர்த்தேன், மடங்கிட்டாரு."

ஷெராப் என்ன நினைத்தார் என்றால், போன மழைக்கு மண் சரிந்து சாலை அடைத்தபோது மாட்டிக்கொண்ட டிரைவர்களுக்கெல்லாம் தன் வீட்டில் சமைத்துப் போட்டாரே, அந்த நன்றி என்று நினைத்தார். வாங்கிய பையை வெறுமையாகத் திருப்புவதும் அங்கே அழகில்லை. அடுத்த நடையில் அதே பைக்குள் காய்ந்த பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டுக் கொடுத்தார். பல் உடையும் கட்டி.

"மீதி குடுக்குறார்யா!" என்று கடைக்குள் ஓடிவந்தான் தன்பீர். "உலகத்துல எந்தப் போலீஸ் மீதி குடுத்திருக்கான்?"

நம்கே மட்டும் டீயைக் குடிக்காமல் வைத்திருந்தான்.

மிளகாயை என்ன செய்வது? எல்லோரையும் போல ஷெராப்பின் மனைவியும் கூரையில் காயவைத்தார். காவல் சாவடியின் கூரை, அதை அடுத்த வீட்டுக் கூரை, கொட்டகை என்று பள்ளத்தாக்கின் அடியிலிருந்து பார்த்தாலே தெரிகிற சிவப்பு. ஒருநாள் அந்த வழியாகப் போன மேலதிகாரி ஜீப்பை நிறுத்தி, ஓர் ஏட்டுக்கு இவ்வளவு மிளகாய் ஏது என்று கேட்டார்.

4

விசாரணை வந்தது. குற்றம் உறுதியானால் ஷெராப்புக்கு உடுப்பு போய்விடும், சர்க்கார் கொடுத்த வீடும் போய்விடும். இதைக் கேட்டு டிரைவர்கள் துடித்துப்போனார்கள். காப்பாற்றியே தீருவது என்று முடிவெடுத்து, குளித்து, தலைவாரி, சாட்சி சொல்லப் போனார்கள். நான் கூடப் போனேன்.

மேலதிகாரி ஓர் இளம்பெண். "என்ன சொல்லணுமோ சொல்லுங்க" என்றார்.

"மேடம், இவரை மாதிரி ஆளு எந்த நாட்டுலயும் கிடையாது" என்றான் பிபத், கண் கலங்க. "மிளகாயத் தவிர எதையும் தொட மாட்டாரு."

"மீதிகூடக் குடுப்பாரு மேடம்" என்றான் தன்பீர்.

ஷெராப் வாயைக் கையால் மூடிக்கொண்டார். இந்த முறை மரியாதைக்காக இல்லை.

அப்போதுதான் நம்கே எழுந்தான். "எல்லாம் நான் சொன்ன பொய் மேடம்."

"ஏன் சொன்னே?"

"எல்லாரும் அவங்கவங்க ஊர்ப் பெருமையப் பேசுனாங்க. எனக்குப் பேச ஒண்ணுமில்ல."

மேடம் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "இவர் வாயைத் திறந்து கேட்டாரா?"

"இல்ல."

"பின்ன ஏன் குடுத்தீங்க?"

பிபத் திகைத்தான். "கேக்குற வரைக்கும் காத்திருந்தா அது மரியாதையா மேடம்?"

நான் சிரித்துவிட்டேன். வெளியே வந்தபோது ஷெராப்பின் மனைவி ஏணியில் நின்று கூரை மிளகாயை வழித்துக்கொண்டிருந்தார். ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

5

முடிவு ஒன்று: மேடமும் சிரிக்கிறார், எல்லோரும் சேர்ந்து அந்த மிளகாயைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். ஆனால் மேடம் சிரிக்கவில்லை.

முடிவு இரண்டு: "ஷெராப் தொப்பியை மேசைமேல் வைத்துவிட்டு, மெதுவாக..."

எழுத மனம் வரவில்லை.

நடந்தது இதுதான். மேடம் எல்லோர் முன்னாலும் உத்தரவு போட்டார். வெள்ளிக்கிழமை ஷெராப் மறுபடி வளைவில் நிற்க வேண்டும். மேடம் சாவடி ஜன்னலில் இருந்து பார்ப்பார். லாரிகள் வெறுமனே கடந்து போனால் நம்கே டீக்கடையில் சொன்னது பொய் என்று எழுதிக் கோப்பை மூடுவார். ஒரு பை கைமாறினாலும் ஷெராப்பின் கதை முடிந்தது.

"மூணு தடவை நீட்டினா என்ன செய்வீங்க?" என்று நம்கே தன் மச்சானிடம் கேட்டான்.

ஷெராப் தொப்பியை எடுத்துத் துடைத்தார். "ரெண்டு தடவைக்கு மேல நீட்ட வேணாம்னு சொல்லு."

6

வெள்ளிக்கிழமை. பிபத்தின் லாரிதான் முதலில் இறங்குகிறது. பின்னால் ஆரஞ்சு, பக்கத்து சீட்டில் நான். எதுவும் கொடுக்க மாட்டேன் என்று அம்மா மேல் சத்தியம் செய்திருக்கிறான். ஆனால் நான் விருதுநகர்க்காரன். மிளகாய் நெடி எனக்குத் தப்பாது.

"சீட்டுக்கடியில என்னய்யா?"

"சும்மா கெடக்கட்டும்ணே. வீட்டுக்கு."

"உங்க வீட்ல மீனுக்கே ஒரு மிளகாய்தானே போடுவீங்க!"

"பழகின மனுஷன்ணே" என்றான், அழுதுவிடுவான் போல. "நமக்காக இவ்வளவு கஷ்டப்பட்டிருக்காரு. இன்னைக்குப் போய் வெறுங்கையோட எப்படிக் கடக்கறது?"

வளைவு வந்துவிட்டது. ஷெராப் நிற்கிறார், தொப்பி நேராக. கை காட்டவில்லை. பின்னால் ஜன்னல் திறந்திருக்கிறது. யாரும் நிறுத்தச் சொல்லாமலே பிபத் பிரேக்கை மிதிக்கிறான். அவனுடைய இடது கை கியரை விட்டுக் கீழே இறங்குகிறது.

பிடித்துவிடலாம், பக்கத்தில்தான் இருக்கிறேன். ஆனால் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வானத்தைப் பார்க்கும் போலீஸைப் பற்றிப் பெருமையடித்தவன் நான். என் கை எழுந்து உதவும் என்று எனக்கே நம்பிக்கையில்லை.

அதனால் பிபத்தின் கையைக் கியருக்கும் சீட்டுக்கும் நடுவில், இந்த வரியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன். அதிக நேரம் தாங்காது, பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். கொஞ்சம் நகர்ந்துகொள்கிறேன், நீங்கள் வந்து என் இடத்தில் உட்காருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், அவர் எதுவும் கேட்கவில்லை.