எங்க அவுகளைக் காணோம்

குண்டாற்றில் தண்ணீர் வந்திருந்தது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளா, நிஜமாகவே வந்திருந்தது. ஐப்பசியில் பெய்த மழை மார்கழி பிறந்தும் வற்றாமல், திருச்சுழிப் பக்கத்து ஆற்றோரப் பூங்காவை ஒட்டிக் கணுக்கால் நனைய ஓடிக்கொண்டிருந்தது. சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கிவிட்டு மருதமும் புங்கமும் வைத்து, நடுவில் நடைபாதை போட்ட பூங்கா. அரையாண்டுப் பரீட்சை லீவு வேறு. அருப்புக்கோட்டையிலிருந்து வந்த பஸ்ஸெல்லாம் அங்கேதான் கூட்டத்தை இறக்கியது.

அப்படி இறங்கியவர்கள்தான் மதார் மைதீனும் அவர் மனைவி ஜைனபும் மகள் நர்கிஸும். மதார் மைதீன் துபாயில் ஏ.சி. மெக்கானிக். நர்கிஸுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது ஒருமுறை வந்து போனவர், அவளுக்கு ஏழு வயதான பிறகு இப்போதுதான் மறுபடி வந்திருக்கிறார். நாற்பது நாள் லீவு. அதில் முப்பத்திரண்டு போய்விட்டது. மகள் வாயால் ‘அத்தா’ என்று இன்னும் ஒரு தடவைகூட அவர் கேட்கவில்லை.

பேசாத பிள்ளை இல்லை அவள். வாய் ஓயாது. அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதில்தான் சிக்கல். நம் பக்கத்தில் வீட்டுக்காரர் பேரை வீட்டுக்காரி சொல்வதில்லையே. போன் அடித்தால் ஜைனப், “ஏடி, அவுக கூப்பிடுறாக” என்பாள். பார்சல் வந்தால் “அவுக அனுப்புனது” என்பாள். கேட்டுக் கேட்டு, போனுக்குள் இருக்கிற மனுஷருக்குப் பேரே ‘அவுக’ என்று பிள்ளை மனசில் பதிந்துவிட்டது. தினமும் போனில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “எப்ப வாரீக?” அவரும், “வாரேன் கண்ணு, அடுத்த வருசம் வாரேன்” என்பார். நிஜமாகவே வந்தபோதோ, போனை விட்டு வெளியே வந்த ஆளிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் அம்மாவின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டாள்.

“‘அத்தா’ன்னு கூப்பிடுடி” என்று ஜைனப் சொல்லிப் பார்த்தாள், முட்டாய் கொடுத்துப் பார்த்தாள், முதுகில் ஒன்று வைத்தும் பார்த்தாள்.

“சொல்லிக்குடுத்து வர்றதுக்கு அது என்ன வாய்ப்பாடா? விடு” என்றார் மதார் மைதீன். சொன்னாரே தவிர, அடுத்த வீட்டுப் பிள்ளை ‘அத்தா’ என்று கத்தினாலும் இவர் தலை திரும்பும்.

பூங்காவுக்குள் கொஞ்ச தூரம் போனதும் ஜைனப் ஒரு புங்க மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். “புதுச் செருப்பு கடிக்குது. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க.” செருப்பு கடித்தது பாதி. மீதி அவள் யோசனை.

இருவரும் நடந்தார்கள். அவர் கையை நீட்டினார். நர்கிஸ் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். தண்ணீரில் கருகருவென்று, நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு சில பறவைகள் நீந்தின.

“அதுதான் நாமக்கோழி” என்றார்.

“கோழிக்கு யாரு நாமம் போட்டா?” என்று அவள் மரத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“அதுவே போட்டுக்கிட்டுப் பொறந்திருச்சு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். கரைக்குக் கீழே கோரைப்புல் ஓரத்தில் நீலமாக ஒன்று மின்னியது. மீன்கொத்தியின் இறகு. அதையே பார்த்தாள். வேண்டுமென்று கேட்கவில்லை. கேட்பதென்றால் கூப்பிட வேண்டுமே.

“இங்கேயே நில்லு கண்ணு, எடுத்துட்டு வாரேன்” என்று அவர் கரையிறங்கிக் கோரைக்குள் போனார்.

அந்த நேரம் பார்த்து, பரளச்சியிலிருந்து வேனில் வந்த கூட்டம் ஒன்று நடைபாதையை அடைத்துக்கொண்டு வந்து அவளையும் தள்ளிக்கொண்டு போயிற்று. கூட்டம் வடிந்து அவள் திரும்பி ஓடிவந்தபோது ஆள் உயரக் கோரைதான் நின்றது. ஆளைக் காணோம். கூப்பிடலாமென்று வாயைத் திறந்தாள்.

“அவுகளே!”

யாரும் திரும்பவில்லை.

சற்றுத் தள்ளிக் காவல்காரர் பால்சாமி, “ஆத்துக்குள்ள எறங்காதீக” என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் வந்த பக்கம் ஓடினாள்.

“தாத்தா, எங்க அவுகளைக் காணோம்!”

“யாரைக் காணோம்?”

“எங்க அவுகளை.”

“ஏந் தாயி, விழுந்த பல்லு இன்னும் மொளைக்கல, அதுக்குள்ள ஒனக்கு அவுகளா?”

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நர்கிஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

“சிரிக்காதீக. நான் தொலையல. எங்கம்மா அந்தா மரத்தடியில இருக்காக. அவுகதான் தொலஞ்சு போனாக. துபாய்ல இருந்து வந்தவுக. அவுகளுக்கு இங்க வழி தெரியாது.”

சிரிப்பு நின்றது.

“பேரைச் சொல்லு, கூப்பிடுறேன்” என்றார் பால்சாமி.

“பெரியவுக பேரைச் சொல்லக் கூடாது.”

“அதுவும் நெசந்தான். அப்ப நீயே கூப்பிடு.” மைக்கை அவள் வாய்க்கு நேரே பிடித்தார்.

நர்கிஸ் மைக்கைப் பார்த்தாள். பேசுகிறவருக்குக் கேட்கிறவர் முகம் தெரியாது. போன் மாதிரிதான். போனென்றால் அவளுக்குப் பயமில்லை. ஆனால் ‘அவுகளே’ என்றால் அவருக்கும் தெரியாது, ஊரும் சிரிக்கும்.

“அத்தா...”

ஆற்றின் அந்தக் கரை வரைக்கும் கேட்டது.

“அத்தா, எங்க இருக்கீக? எப்ப வாரீக?”

கோரைக்குள் முழங்கால் சேற்றில் ஒரு கால் மாட்டி, அதை இழுக்க முடியாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் மதார் மைதீன். யார் வீட்டுப் பிள்ளையோ என்று வழக்கம்போலத் தலையைத் திருப்பினார். அப்புறம்தான் அந்த ‘எப்ப வாரீக’ காதில் விழுந்தது.

“இந்தா வாரேன்!” என்று கத்தினார். “இந்தா வந்துட்டேன் கண்ணு!”

ஐந்து வருஷமாக ‘அடுத்த வருசம்’ என்று சொன்னவர் இரண்டு நிமிஷத்தில் வந்து நின்றார். கையில் இறகு இருந்தது. காலில் ஒரு செருப்பு இல்லை.

“எறங்காதீகன்னு தொண்டை வத்தக் கத்துறேன், காதுல விழலையா?” என்றார் பால்சாமி.

“தப்புத்தாண்ணே. சின்ன வயசுல இந்த ஆத்துல மணலைத்தான் பாத்திருக்கேன். சேறு இருக்கும்னு யாரு கண்டா?”

நர்கிஸ் இறகை வாங்கிக்கொண்டாள். மறு கையால் அவர் விரலைப் பிடித்தாள். “இனிமே தொலஞ்சு போயிராதீக.”

மைக் சத்தம் கேட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து சேர்ந்தாள் ஜைனப். “யா அல்லா! ஏடி, அவுக காலைப் பாரு, என்னா சேறு!”

“அவுக இல்லம்மா. அத்தா.”

ஜைனப் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒனக்கு அத்தா. எனக்கு என்னைக்கும் அவுகதான்.”

லீவில் இன்னும் எட்டு நாள் இருந்தது. மதார் மைதீன் மிஞ்சின ஒற்றைச் செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு, மகள் இழுத்த பக்கமெல்லாம் நடந்தார். அவள் நாமக்கோழிகளிடமே திரும்பக் கூட்டிப்போனாள். கேட்க வேண்டியது நிறைய மிச்சமிருந்தது.