குடைப் படத்துக்குக் கீழே ஒரு வரி

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. ஊரப்பாக்கத்தில் எனக்கு எதிர்வீடு அருணகிரி. கூட்டுறவுச் சங்கமொன்றில் முப்பத்துமூன்று வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் பால் பாக்கெட்டோடு என் வாசலில் வந்து நின்றார்.

"சார், நீ கதை எழுதுவியாமே. எங்கிட்ட ஒண்ணு கீது. எழுதிக் குடு. பெஞ்சமின் பேரு பக்கத்துல எம்பேரும் வரணும், அவ்ளோதான்."

கதை கேட்டு வருகிறவர்களைக்கூட நம்பலாம். கதை கொடுக்க வருகிறவர்களிடம் எழுத்தாளன் உஷாராக இருக்க வேண்டும். நான் இல்லை. உட்காரவைத்துக் காபி வேறு கொடுத்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கொளவாய் ஏரியின்மேல் மாலைச் சூரியன் தன் பொற்கதிர்களை..." வேண்டாம். ஏரியும் சூரியனும் நான் எழுதாவிட்டாலும் அங்கேயேதான் இருக்கப்போகின்றன.

பிறகு இப்படி: "அரசியல் கார்ட்டூன் என்பது சமூகத்தின்..." ஐயோ, பாடப்புத்தகம். இதுவும் வேண்டாம்.

மூன்றாவதாக மாமல்லபுரத்தில் தொடங்கிப் பார்த்தேன். அது தேவலை. அதையே வைத்துக்கொள்கிறேன்.

2

கடலோர ரிசார்ட்டில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்பு. ஏழரைக்குத்தான் பந்தி என்று தெரிந்ததும் அருணகிரியும் அவர் மனைவி ஜோதிலட்சுமியும் மாமல்லபுரத்துக் கடைத்தெருவில் காலாற நடந்தார்கள். எங்கேயோ கல் செதுக்குகிற சத்தம். ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் சட்டம் போட்ட படம் ஒன்று தொங்கியது. அதைப் பார்த்து நின்ற அருணகிரி நின்றவர்தான், அப்புறம் நகரவே இல்லை.

கறுப்பு மையில் வரைந்த பழைய கார்ட்டூன். கொட்டுகிற மழை. தோளில் துண்டும் முன்னால் தொப்பையுமாக ஒரு பெரிய மனுஷர், கிழவி ஒருத்திக்குக் குடை பிடிக்கிறார். கிழவி அண்ணாந்து அவர் முகத்தைப் பார்க்கிறாள். வலது மூலையில் மீன்முள் மாதிரி ஒரு கையெழுத்து. பெஞ்சமின். அந்தக் கையெழுத்தை அருணகிரி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண் கைப்பேசியில் படம் எடுத்தபடி தோழியிடம் சொன்னாள்: "எவ்ளோ ஸ்வீட்டா குடை பிடிக்கிறாரு பாரேன்."

அருணகிரி சட்டென்று கண்ணாடிக்குப் பக்கத்தில் போனார். படத்துக்குக் கீழே இருந்த அட்டையைக் குனிந்து படித்தார். 'பெஞ்சமின். தலைப்பு இல்லை. 1987.'

"தலைப்பு இல்லையா? எவன் சொன்னான்?"

"நடுரோட்டுல நின்னுகினு இன்னாத்துக்குக் கத்துற?" என்றார் ஜோதிலட்சுமி.

"அதுக்குக் கீழ ஒரு வரி கீது ஜோதி. நான் எழுதினது. அது இல்லாட்டி இந்தப் படமே வேற."

அன்றைக்கு அவர் பிரியாணியைச் சரியாகச் சாப்பிடவில்லை என்று ஜோதிலட்சுமி பிறகு என்னிடம் சொன்னார்.

3

(இந்தப் பகுதி அருணகிரி சொன்னது சொன்னபடி. இதை எழுதும்போது எனக்கே குஷியாக இருந்தது.)

பெஞ்சமின் கருங்குழியில் ஓவிய வாத்தியார். அருணகிரி பட்டம் வாங்கி வேலை தேடிக்கொண்டிருந்தவர். செங்கல்பட்டிலிருந்து 'கொசுக்கடி' என்று மாதம் இருமுறை எட்டுப் பக்கத்தில் ஒரு நையாண்டி இதழ் வந்தது. அதில் பெஞ்சமின் படம் போடுவார், அருணகிரி அதற்கு வரி எழுதுவார். படத்தை வரைந்து கீழே இரண்டு விரற்கடை வெள்ளையாக விட்டு பெஞ்சமின் நீட்டுவார். "இது உன் நிலம், இன்னா பயிர் வெக்கிறியோ வெய்யி" என்பார். அருணகிரி அந்தத் தாளில் பேனாவை வைத்ததே இல்லை. வரியைத் துண்டுச்சீட்டில் எழுதி அச்சகத்தில் கொடுப்பார். அவர்கள் எழுத்துக் கோத்து அச்சில்தான் படத்தோடு சேர்ப்பார்கள். அதனால் மூலப்படம் எதிலும் வரி இருக்காது. படங்கள் பெஞ்சமின் வீட்டுப் பெட்டிக்குள் போயின. இதழ்களை மொத்தமாக வைத்திருந்த ஆசிரியர் வீட்டுக்குள் 2015 வெள்ளம் புகுந்துவிட்டது.

வரிக்கு ஒரு பரீட்சை உண்டு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சுப்பிரமணியின் முடிதிருத்தும் கடை. யாருக்காவது அவர் சவரம் செய்துகொண்டிருக்கும்போது அருணகிரி வரியை வாசிப்பார். கத்தி நிற்காமல் ஓடினால் வரி பெயில். நின்றால் பாஸ். ஒருமுறை, தண்ணீரே வராத மேல்நிலைத் தொட்டிக்குத் திறப்புவிழா நடப்பதாகப் படம். தொட்டிமேல் உட்கார்ந்த காக்கா சொல்கிறது: "ஒரு வருஷமா நானும் எட்டி எட்டிப் பாக்குறேன்." சுப்பிரமணி சிரித்த சிரிப்பில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவர், "அண்ணாத்த, மொதல்ல கத்திய கீழ வெச்சிட்டு சிரி" என்று கும்பிட்டாராம். இதைச் சொல்லும்போது அருணகிரிக்கு இருபத்தாறு வயசாகிவிடுகிறது. என்ன நாள்கள் அவை என்று எனக்கே ஏக்கமாகப் போய்விட்டது.

எண்பத்தேழு ஐப்பசி. துரைக்கண்ணு என்பவர் நகராட்சி சேர்மன். ஏரிக்கரையில் இருந்த பதினான்கு குடிசைகளை ஆள் வைத்துப் பிரித்துப் போட்டார். அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. சேர்மன் ஜீப்பில் வந்து இறங்கி, குடிசையை இழந்த ஆராயி என்கிற கிழவிக்குக் குடை பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அதைத்தான் பெஞ்சமின் வரைந்தார். கீழே ஆராயி சொல்வதாக அருணகிரியின் வரி:

"கொடை வேணாம் நைனா. பிரிச்சுகினு போன கூரைய குடு."

இதழ் வெளிவந்த அன்று பஸ் ஸ்டாண்டே சிரித்தது. சேர்மன் ஒரு வாரம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. டீக்கடையில் இரண்டு பேரிடமும் காசு வாங்க மறுத்தார்கள்.

4

எனக்குக் கதை கொடுத்த மறுவாரம் அருணகிரி பஸ் பிடித்து அந்தக் கடைக்குத் தனியாகப் போனார். கடையை நடத்துவது ஜெனிட்டா, பெஞ்சமினின் மகள். அப்பா போய் ஆறு வருஷம் கழித்து அவருடைய பெட்டியைத் திறந்தவள், உள்ளே இருந்த படங்களை ஸ்கேன் செய்து, கெட்டியான பருத்தித் தாளில் அச்சிட்டு விற்கிறாள். கீழே வெள்ளையாக இருந்த இரண்டு விரற்கடை எதற்கென்று அவளுக்குத் தெரியாது. சட்டத்துக்குள் மறைத்துவிட்டிருந்தாள். அவளைத் திட்ட முடியுமா, சொல்லுங்கள்.

அருணகிரி ஒவ்வொரு படமாகப் பார்த்து வரியைச் சொன்னார். மழைத்தண்ணீர் குளம் கட்டி நிற்கும் பஸ் ஸ்டாண்டில் ஒருவன் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கும் படம். "மதுராந்தகம் பஸ்ஸு போயிடுச்சு. வெரால்தான் இன்னும் வர்ல." ஜெனிட்டா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"இதெல்லாம் ஜோக்கா அங்கிள்? அப்பா வீட்ல சிரிச்சே நான் பாத்ததில்ல. ரொம்ப சீரியஸான படம்னு நெனச்சு வித்துட்டு இருக்கேன்."

"சிரிக்கலியா? அவன் சிரிச்சா செங்கல்பட்டு ஜங்ஷன் வரைக்கும் கேக்கும்மா!"

இனி எல்லாப் பிரதியிலும் வரியைச் சேர்ப்பது, கீழே 'வரி: அருணகிரி' என்று போடுவது என்று அங்கேயே முடிவானது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியாகக் குடைப் படம். கூரை வரியைச் சொன்னார்.

ஜெனிட்டாவின் சிரிப்பு நின்றது. "இந்தப் படத்துக்குத்தான் அங்கிள் இருநூறு பிரதி ஆர்டர் வந்திருக்கு. துரைக்கண்ணுவோட பேரன் ஆதித்யா. தாத்தாவோட நூற்றாண்டு விழாவுல எல்லாருக்கும் குடுக்கணுமாம். அவரைப் பாராட்டி அப்பா வரஞ்சதுன்னு சொல்றாரு."

"பாராட்டியா? நல்ல கூத்து. வரியப் போடும்மா. போட்டு குடு அவனுக்கு."

அவள் அப்போதே ஆதித்யாவுக்குப் போன் செய்து வரியைச் சொன்னாள். மகாபலிபுரம் சாலையில்தான் வீடு, ஒரு மணி நேரத்தில் வருகிறேன் என்றான் அவன்.

5

வந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். மரியாதையான பையன். துண்டில் சுற்றிக் கொண்டுவந்ததை மேஜைமேல் பிரித்தான். கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் 'கொசுக்கடி'யின் பழுத்த பக்கம் ஒன்று.

"எங்க ஹால்ல முப்பத்தெட்டு வருஷமா மாட்டியிருக்கு மேடம். நீங்க போன்ல சொன்ன வரி இதுல இல்லையே."

அதே படம். அதே மழை. கீழே தடித்த எழுத்தில்: 'மழையிலும் மக்களை மறவாத சேர்மன்!'

ஜெனிட்டா வாசித்துவிட்டு அருணகிரியைப் பார்த்தாள். அருணகிரி வாசிக்கவில்லை. அவருக்கு அது தெரியும்.

6

ஆக, மூன்றாம் பகுதியின் கடைசிப் பத்தி பொய். பஸ் ஸ்டாண்ட் சிரிக்கவில்லை. டீக்கடையில் காசு வாங்கிக்கொண்டார்கள்.

அதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதியிருக்கலாம். எழுதவும் செய்தேன், சுவாரஸ்யம் செத்துப்போயிற்று. (இதுதான் காரணம் என்று முதலில் எழுதினேன். இல்லை. ஒரு வார்த்தை விசாரிக்காமல் அந்தப் பொய்யை நம்பி எழுதியவன் நான். அது தெரியட்டும் என்றுதான் அப்படியே விட்டிருக்கிறேன்.) எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. எதிர்வீட்டுக்காரனிடம் பொய் சொல்லலாம், கதைக்காரனிடமா சொல்வது?

போய்ச் சண்டை போட்டேன். "ஏன் சார் இப்படிச் செஞ்சீங்க?"

"நான் சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் நெசம்னு ஆயிடுச்சு சார். நீயாவது எழுத்துல போட்டுட்டா நெசமாவே ஆயிடும்னு பாத்தேன்."

என் பிழைப்பே அதுதானே.

7

கடையில் அன்று நடந்ததை ஜெனிட்டாவிடமும் தனியாகக் கேட்டுக்கொண்டேன். இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான்.

ஆதித்யாவின் முன்னாலேயே அருணகிரி எல்லாவற்றையும் சொன்னார். கூரை வரியை எழுதியது உண்மை. சுப்பிரமணியிடம் வாசித்ததும் உண்மை. கத்தி நின்றது, ஆனால் அவர் சிரிக்கவில்லை. "அண்ணாத்த, இத்த போடு. ஆனா யோசிச்சு போடு" என்றார். பெஞ்சமின் அந்த வாரம் வேலூரில், அக்காவின் ஆபரேஷனுக்காக. அருணகிரி தனியாக அச்சகத்துக்குப் போனார். சட்டைப் பையில் இரண்டு துண்டுச்சீட்டுகள் இருந்தன.

"சங்கத்துல வேலை. சேர்மன் கை காட்டினா உண்டு, இல்லாட்டி இல்ல. மறுநாளு ஆர்டர் வருதுன்னு எங்கப்பா சொல்லிட்டாரு. பையில கைய வுட்டேன். இந்த சீட்டத்தான் எடுத்துக் குடுத்தேன். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

"அப்பா என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் கேக்கலம்மா. ஒரு வார்த்த கேட்டிருந்தா கால்ல வுழுந்திருப்பேன். மறுபடி படம் எடுத்துகினு எங்கிட்ட வரவே இல்ல."

ஜெனிட்டா உள்ளே போய்ப் பெரிய கோப்பு ஒன்றை எடுத்துவந்து பரப்பினாள். "அங்கிள், இந்தக் குடைப் படம் வரைக்கும் எல்லாத்துலயும் கீழ இடம் விட்டிருக்காரு. அதுக்கப்புறம் இருபது வருஷம் வரஞ்சிருக்காரு. ஒண்ணுலகூட இல்ல. பேப்பர் ஓரம் வரைக்கும் வரஞ்சு மூடிட்டாரு. ஏன்னு எனக்குத் தெரியாம இருந்துச்சு."

அருணகிரி அந்தப் படங்களை அதுவரை பார்த்ததில்லை. ஒன்றொன்றாகத் திருப்பினார். புல், சாலை, கூட்டத்தின் கால்கள், ஒரு நாய். எல்லாமே தாளின் விளிம்பு வரைக்கும் வந்து நின்றன. ஒரு நகம் வைக்க இடமில்லை. அந்த மனுஷர் அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

ஆதித்யா இதற்குள் மூலப்படத்தைக் கையில் எடுத்துக் கிட்டத்தில் பார்த்துக்கொண்டிருந்தான். குடைத்துணியில் பெஞ்சமின் கீறியிருந்தது பனையோலை முடைச்சல், நடுவில் மூங்கில் கட்டுகூட இருந்தது. சேர்மன் கையில் இருந்தது ஆராயியின் கூரை.

"டிசைன்னு நெனச்சிருந்தேன்" என்றான் மெதுவாக.

8

இப்போது முடிவு. எழுதிப் பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

அ) ஜெனிட்டா கூரை வரியைப் போட்டுவிடுகிறாள். நூற்றாண்டு மேடையில் ஆதித்யா அதை ஒலிபெருக்கியில் வாசித்து, தாத்தாவின் சார்பில் மன்னிப்பு... இல்லை. அப்படி யாரும் வாசிக்கமாட்டார்கள். அடித்துவிட்டேன்.

ஆ) வரியே வேண்டாம், வெறும் படமாகப் போகட்டும் என்று மூன்று பேரும் சமாதானமாகிறார்கள். நடக்கக்கூடியதுதான். ஆனால் பெஞ்சமினின் மகள் என்னை முறைப்பது தெரிகிறது.

இ) நடந்தது. அருணகிரி மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளைக் கேட்டார். 'மழையிலும் மக்களை மறவாத சேர்மன்!' என்று எழுதி, அதன் கீழே தன் பெயரை இனிஷியலோடு முழுசாக எழுதி ஜெனிட்டாவிடம் நீட்டினார்.

"இத்த போட்டு எம்பேர போடு. இந்த வார்த்தை பெஞ்சமினோடது இல்லன்னு படிக்கிறவன் தெரிஞ்சுக்கட்டும்."

"அப்ப கூரை வரி, அங்கிள்?"

"அத நான் எழுதலியேம்மா. துண்டுச்சீட்டுல கிறுக்கி பையிலயே வெச்சுகினேன். பையில வெச்சுகினது எழுதினதாவுமா?"

ஜெனிட்டாவுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு மாதிரிப் பிரதிகள் எடுத்துவைத்திருக்கிறாள். ஒன்றில் அச்சில் வந்த வரியும் அருணகிரியின் பெயரும். இன்னொன்றில் ஆராயி வாய்திறந்து கூரையைக் கேட்கிறாள், பெயர் எதுவும் இல்லை. இரண்டில் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வதாக ஆதித்யா சொல்லிவிட்டான். நிஜமாகத்தான் சொன்னானா என்பது விழா நடக்கிற வெள்ளிக்கிழமை தெரியும். அதற்குள் எதை அச்சுக்கு அனுப்புவதென்று என்னைக் கேட்டாள். ஒருமுறை விசாரிக்காமல் எழுதியவன், எனக்கு அந்த யோக்கியதை இல்லை என்று ஒதுங்கிவிட்டேன்.

ஆகவே நீங்கள் சொல்லுங்கள். இரண்டு வரியும் உங்களிடம் இருக்கின்றன, படத்தையும் பார்த்துவிட்டீர்கள். சுலபமாகத்தான் தெரியும். அன்றைக்கு அருணகிரிக்கு இருபத்தாறு வயது, மறுநாள் வேலை உத்தரவு வரவிருந்தது. உங்களுக்கு நாளைக்கு என்ன வரவிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.