ஆண்டிச்சாமி ஓட்டும் மோட்டார்

செல்போனில் அழைத்தால் தோட்டத்து மோட்டார் ஓடுமே, அந்த ஸ்டார்ட்டர் பெட்டி விற்பதுதான் என் தொழில். பேகம்பூரில் கடை. பெட்டியைப் பற்றிக் கவலையே இல்லை; வாங்குகிறவர்களை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. ஒருவர் தன் போனிலிருந்த ஒரே சிம்மைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, "என் போன்ல இருந்து கால் போகமாட்டேங்குது, பொட்டி சரியில்ல" என்று என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். இன்னொருவர் ஆயுத பூசைக்குப் பட்டன் மேலெல்லாம் சந்தனத்தை அப்பிவிட்டார்; அது காய்ந்து இறுகிப்போய்ப் பட்டன் அமுங்கவில்லை. அதற்கும் நான்தான் போய் நின்றேன்.

போன மாதம் என்னிடம் பெட்டி வாங்கிப்போன முகேஷ்குமார் சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து அழைத்தபோதும் இப்படி ஏதோ கூத்து என்றுதான் நினைத்தேன்.

"பிராங்கிளின் அண்ணே, மோட்டாரு தானா ஓடுது. எங்கப்பா ஓட்டுறாருண்ணே."

அவன் அப்பா ஆண்டிச்சாமி போன ஐப்பசியில் தோட்டத்து வரப்பிலேயே மாரடைப்பில் சாய்ந்தவர்.

"ஏலே, பட்டப்பகல்லயே ஊத்திக்கிட்டியா?" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தக்காளிச் செடிகள் சேற்றில் அழுகி நின்றன. தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் மோட்டார் கிளம்பிவிடுமாம். போய் நிறுத்த யாருக்கும் துணிச்சல் இல்லை. களையெடுக்க வந்த பெண்களும் நின்றுவிட்டார்கள். பிளாட் போடுகிற புரோக்கர் ஒருவன் நிலத்தைக் கேட்டு நடையாய் நடக்கிறான். ஆனால் பத்திரம் முகேஷின் அம்மா ஒச்சம்மாள் பேரில் இருக்கிறது. அவள் மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

"'மனுசன் தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருக்காரு, அவரு நிக்கிற நெலத்த எப்புடிடா விக்கிறது'ங்குதுண்ணே. எனக்கும் விக்க மனசில்ல. மிசின் கோளாறுதேன்னு நீங்க காட்டிட்டா நானே வெள்ளாமை பாத்துக்கிருவேன். அப்பான்னாலும் பயமா இருக்குல்ல?"

பயமாவது ஒன்றாவது என்று அதட்டிவிட்டு மோட்டார் ரூமுக்குள் நுழைந்தேன். ஆணியில் ஆண்டிச்சாமியின் துண்டு அப்படியே தொங்கியது. சேசுவே என்று சொல்லிக்கொண்டு பெட்டியைத் திறந்தேன்.

பார்த்ததும் பயம் போய்க் கோபம் வந்தது. எந்த நம்பர் அழைத்தால் ஓட வேண்டும் என்று பதிவே செய்யவில்லை. படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பதியாவிட்டால் எவன் அழைத்தாலும் பெட்டி அந்தக் காலைக் கட் செய்துவிட்டு மோட்டாரை ஓட்டிவிடும்.

"கூறுகெட்டவனே, இது யாரு சிம்மு?"

"அப்பாவோடதுண்ணே. சும்மாதான கெடக்குன்னு போட்டேன். அம்மாட்ட சொல்லல, வருத்தப்படும்."

சிம்மைக் கழற்றி என் போனில் போட்டேன். "செத்தவருக்கு எவன்டா தெனமும் போன் போடுறது?" என்று கேட்டு வாயை மூடவில்லை, போன் அடித்தது. இருவருக்கும் தூக்கிவாரிப் போட்டது. முகேஷ் எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, இது எங்கம்மா நம்பரு."

கைப்பழக்கத்தில் பச்சைப் பட்டனைத் தொட்டுவிட்டேன். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு நின்றபோது, செத்தவர் நம்பரில் போனை எடுத்த பேய் நாங்கள்தான் என்று எனக்குத் தோன்றியது.

"யாரு?" ஒச்சம்மாளின் குரல் நடுங்கியது. "யாரு எடுத்தது?"

முகேஷ் போனை வாங்கினான். "நாந்தேம்மா."

"உங்கப்பா எடுக்க மாட்டாரேப்பா. தோட்டத்துல இருந்தா கட் பண்ணுவாரு. கட் பண்ணா, கெளம்பிட்டேன், சோறு போடுன்னு அர்த்தம். இம்புட்டு நாளும் கட் பண்ணிக்கிட்டுதான இருந்தாரு."

வீட்டுக்குப் போனோம். தட்டில் சோறும் வெஞ்சனமும் வைத்து மூடியிருந்தது. ஊரையே திட்டுகிற நான் அவளிடம் மெதுவாகத்தான் பேசினேன். பெட்டி, சிம், பதியாத நம்பர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"அப்ப கட் பண்ணது பொட்டிதானா?"

"ஆமாத்தா."

முகேஷ் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "பேயும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. அங்க யாருமே இல்ல. இனி நெலத்த விக்க வேணாம்."

ஒச்சம்மாள் மூடியை எடுத்துவிட்டுத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்புடு. நாளைக்கு அந்தப் புரோக்கர வரச் சொல்லு. கைநாட்டு வைக்கிறேன்."

"அதான் அங்க யாரும் இல்லேங்கிறேன்ல?"

"அதனாலதான்டா சொல்றேன். அவரு இல்லாத நெலம் எனக்கு எதுக்கு?"