லீஸ் முடியாத வீடு

வலன்ரைனின் கார் அன்றும் எதிர்ப்பக்கத்தில் நின்றது. சிசிலி திரைச்சீலையை விலக்காமல் அதன் ஓரமாகப் பார்த்தாள். அவன் உள்ளே இருந்தபடி அவளுடைய ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். கிட்ட வரக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லியும், பிரிந்துபோன கணவன் அவள் குடிவந்த கார்ட்டியர்வில் வரைக்கும் தேடி வந்துவிட்டான்.

கார் போன பிறகு அவள் கீழ்வீட்டுக்கு இறங்கினாள். வீட்டுக்காரர் ஞானேந்திரன் கதவைத் திறந்தார்.

"அண்ணை, நான் வீட்டை விடப்போறன்."

"வாடகை லீஸ் ஜூன் மாசம் வரைக்கும் கிடக்குது, பிள்ளை. நடுவிலை விடேலாது." பிறகு குரலைத் தணித்தார். "வலன்ரைன் என்னட்டைக் கோயிலிலை அழுதவன். குடும்பமெண்டால் சண்டை வரும்தானே. அப்பிடிப் போறதெண்டால் போற இடத்து விலாசத்தை எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாரும். நான் பேந்து யோசிக்கிறன்."

அவர் நீட்டிய தாளை வாங்கி மடித்துக்கொண்டு அவள் மேலே ஏறினாள். விலாசம் இவரிடம் போனால் அவனிடமும் போகும். எழுதாமல் ஓடினால் இவர் வழக்குப் போடுவார். வழக்கில் அவள் இருக்கும் இடம் வெளிவரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் நின்றான்.

மறுநாள் தையல் தொழிற்சாலையில் ஊசி அவளுடைய விரலில் ஏறியது. பக்கத்து மெஷினிலிருந்த ஜெசிக்கா இரத்தத்தைத் துடைத்துவிட்டுக் கதையைக் கேட்டாள்.

"ஒண்டிலையும் கையெழுத்து வைக்காதேங்கோ அக்கா. சொல்லாமல் ஓடவும் வேண்டாம். முதல்லை ஒரு லோயரைக் கேப்பம்."

இலவசச் சட்ட ஆலோசனை நிலையத்தில் இருந்த பெண் வழக்கறிஞர் பிரெஞ்சில் கதைத்தார். ஜெசிக்கா தமிழில் சொன்னாள்.

"இந்த வருசம்தான் புதுச்சட்டம் வந்திருக்காம். புருசன்ரை வன்முறையாலை ஆபத்தெண்டால் லீஸை இடையிலை முறிக்கலாமாம். நீங்கள் சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கிற கடதாசியைப் பாத்து அரசாங்க அதிகாரி ஒரு அத்தாட்சி தருவாராம். அதோடை வீட்டுக்காரருக்கு அறிவித்தல் குடுக்கவேணும். லீஸ் முறிய மூண்டு மாசம் செல்லுமாம். ஆனால் அதுவரைக்கும் அங்கை இருக்கத் தேவையில்லையாம். விலாசமும் குடுக்க வேண்டாமாம்."

வழக்கறிஞர் ஏதோ கேட்டார்.

"வீட்டுத் திறப்பு வேற ஆரிட்டை இருக்கெண்டு கேக்கிறா."

"ஞானேந்திரன் அண்ணையிட்டை," என்றாள் சிசிலி. சொன்ன பிறகுதான் அந்தச் சாவி யார் கைக்குப் போகலாம் என்பது அவளுக்கு உறைத்தது.

வழக்கறிஞர் பேனாவைக் கீழே வைத்தார். "இண்டைக்கே வெளிக்கிடச் சொல்லுறா," என்றாள் ஜெசிக்கா.

மகள் றொஷினியைப் பாடசாலையிலிருந்து ஜெசிக்காவின் தாயார் கூட்டிப்போக, இருவரும் உடுப்பெடுக்க வீட்டுக்கு வந்தார்கள். தெருவில் கார் இல்லை. சிசிலி உள்ளே நுழைந்ததும் கதவுச் சங்கிலியைக் கொளுவினாள். அலுமாரியில் பாதி காலியானபோது பூட்டுக்குள் திறப்பு திரும்பியது.

கதவு சங்கிலி விட்ட அளவுக்குத் திறந்தது. இடைவெளியில் வலன்ரைனின் முகம்.

"சிசிலி, கதைக்கத்தான் வந்தனான். அண்ணைதான் திறப்புத் தந்தவர். சங்கிலியை எடு."

அவன் குரல் மென்மையாக இருந்தது. அடிப்பதற்கு முன்னால் எப்போதும் அப்படித்தான் இருக்கும். ஜெசிக்கா குளியலறைக்குள் நின்று பொலிசுக்குத் தொலைபேசி எடுத்தாள். இந்த விலாசத்தை அவள் பிரெஞ்சில் சொல்வது தெளிவாகக் கேட்டது. அவனுக்கும் கேட்டது. தோளால் கதவை இடித்தான். சங்கிலியின் ஆணியொன்று மரத்தைவிட்டு வெளியே வந்தது. சிசிலி மேசையைக் கதவோடு தள்ளி, அதில் முழு உடம்பையும் சாய்த்தாள்.

மற்ற ஆணி தாங்கியது. சைரன் கேட்டதும் அவன் படிகளில் ஓடினான். வாசலிலேயே பிடித்தார்கள். ஞானேந்திரன் தன் கதவருகே வெறுங்காலோடு நின்று, "இப்பிடிச் செய்வானெண்டு நினைக்கேல்லை," என்று பொலிசாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சிசிலியைப் பார்க்கவில்லை.

அத்தாட்சியும் அறிவித்தலும் அவருக்கு வழக்கறிஞர் வழியாகப் போயின. அவர் எதிர்க்கவில்லை.

ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் ஒரு சின்ன வீடு கிடைத்தது. முதல் நாள் றொஷினி ஜன்னலடியில் படுக்கவேண்டும் என்றாள். சிசிலி நெடுநேரம் கீழே தெருவைப் பார்த்தபடி நின்றாள். பிறகு, "சரி, படு," என்று சொல்லி, மகளின் மெத்தையை அங்கே இழுத்துப் போட்டாள்.