மூத்தவள் வீட்டு விரதச் சோறு

தை அமாவாசையும் அதுவுமாகச் சந்தனம்மாளுக்கு வயிறு பற்றி எரிந்தது. விடியற்காலையில் சுருளி அருவிக்குப் போய்த் தலைமுழுகி வந்தவள், பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் சமைத்து, மாடிச் சுவரில் இலை போட்டுப் படைத்துவிட்டுத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். காக்கை வந்தது. அவள் இலையைத் தலை சாய்த்து ஒரு பார்வை பார்த்தது. பிறகு பக்கத்து மாடிக்குத் தத்திப் போய், தேவயானி வைத்த இலையில் வாயை வைத்தது.

போன அமாவாசையும் இதே கூத்துதான். அதற்கு முந்தியதும் அப்படியே.

தேவயானி என்றால் யாரோ எவரோ இல்லை. சந்தனம்மாளின் புருசன் ஒச்சாண்டி இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொண்டு வந்து, அடுத்த சுவரிலேயே வீடும் கட்டி வைத்த மகராசி. குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். திராட்சைத் தோட்டமும் இரண்டு பெண்டாட்டியுமாக வாழ்ந்த ஒச்சாண்டி போன வருசம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அவர்தான் அமாவாசை தோறும் காக்கையாக வருகிறார் என்று இருவரும் ஆளுக்கொரு இலை வைக்கிறார்கள். காக்கை கொத்திய பிறகுதான் வீட்டில் சோறு.

அவர் இருந்த காலத்தில் ஒரு வழக்கம் தானாக அமைந்திருந்தது. கறியும் மீனும் இளையவள் வீட்டில். அமாவாசை, கார்த்திகை, புரட்டாசிச் சனி என்று வருகிற விரதச் சோறெல்லாம் மூத்தவள் வீட்டில். மற்ற நாளெல்லாம் இளையவள் வீடே கதி என்று கிடக்கிற மனுசன், அன்றைக்கு மட்டும் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு சந்தனம்மாள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். பச்சரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய் போட்ட மொச்சைக் குழம்பு, பூசணிக்காய்க் கூட்டு, வாழைக்காய் வறுவல், உளுந்த வடை. அவள் வாழ்க்கையில் அவளுக்கென்று மிஞ்சியது அந்த ஒரு இலைதான். கூடப் படுப்பது போச்சு, பேச்சு போச்சு, பைக்கில் பின்னால் உட்கார்ந்து தோட்டத்துக்குப் போகிற அந்தஸ்தும் போச்சு. செத்த பிறகு இந்த இலையையும் தூக்கி இளையவளிடமே கொடுத்துவிட்டாரே, பாவி மனுசன்!

இத்தனைக்கும் சந்தனம்மாள் என்ன குறை வைத்தாள்? உயிரோடு இருக்கையில் அவள் குழம்பை வழித்துத் தின்றுவிட்டு, "தேவயானி தேங்கா அரைச்சு ஊத்துவா. அது ஒரு தனி ருசி" என்பார். கரண்டியை நங்கென்று வைத்துவிட்டுப் போய்விடுவாள். இப்போது அந்த ரோசத்தையும் விழுங்கிக்கொண்டு, அவர் ஆத்மா குளிரட்டும் என்று அரைமூடித் தேங்காயை அரைத்து ஊற்றுகிறாள். அப்படியும் காக்கை திரும்பிப் பார்க்கவில்லை.

அவளுக்குப் பொறுக்கவில்லை. தடதடவென்று படியிறங்கி, இத்தனை வருசமாக மிதிக்காத வாசலை மிதித்து, நேரே தேவயானியின் அடுப்படியில் போய் நின்றாள்.

"என்னத்தடி போட்டு அவுகள மயக்குற? செத்தும் விடமாட்டியா?"

வடைச் சட்டியை இறக்கிக்கொண்டிருந்த தேவயானி திடுக்கிட்டுத் திரும்பினாள். "வாங்கக்கா."

"உன் வீட்டுக்கு விருந்தாட வரல. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நான் என்னத்தப் போட்டேன்? எல்லாம் நீங்க வைக்கிற குழம்புதான்."

சந்தனம்மாள் குழம்புச் சட்டியின் மூடியைத் தூக்கினாள். வறுத்து இடித்த மல்லியும் சீரகமும் பழைய புளியும் சேர்ந்து முகத்தில் அடித்தது. அவளுடைய குழம்பு. அவள் கைவிட்ட குழம்பு.

"தேங்கா எங்கனடி?"

"அத விட்டு ரொம்ப நாளாச்சுக்கா. நான் எப்ப மொச்சைக் குழம்பு வச்சாலும், 'சந்தனம் வைக்கிற மாதிரி வருமா'ன்னு பாதி இலையில எந்திரிச்சிருவாக. உங்க தாளிப்பு வாசம் சுவரு தாண்டி வந்தாலே எனக்கு ஆகாது. இங்கன உக்காந்து எத்தன நாள் அழுதிருக்கேன் தெரியுமா? வாசத்த வச்சே கத்துக்கிட்டேன். நல்லா வாய்ச்ச நேரம் அவுக இல்ல."

சந்தனம்மாளுக்கு நெஞ்சு ஒரு குதி குதித்தது. சந்தனம் வைக்கிற மாதிரி வருமா! அந்த ஒரு வார்த்தையை அவள் காதுபடச் சொல்லியிருந்தால் குடியா முழுகிப் போயிருக்கும்? சந்தோசமும் ஆத்திரமுமாகக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எங்கிட்ட என்ன சொன்னாக தெரியுமா? நீ தேங்கா அரைச்சு ஊத்துறது தனி ருசியாம்."

"அந்தத் தேங்காயத்தானக்கா 'இது குழம்பா, பாயாசமா'ன்னு எங்கிட்ட நக்கலடிச்சாக!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தனம்மாள் மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தேவயானி வீட்டு மாடிப்படியில் ஏறினாள். காக்கை நிதானமாகக் கத்தரிக்காயைக் கொத்திக்கொண்டிருந்தது.

"சூ! போ அங்கிட்டு!"

பின்னால் ஓடி வந்த தேவயானி பதறினாள். "அய்யய்யோ, அக்கா! அவுக இன்னும் வடையத் தொடலயே!"

"தொட வேணாம். ரெண்டு வீட்டுலயும் தின்னுட்டு ரெண்டு வீட்டுலயும் கொறை சொன்ன வாயிதான? ஒரு அமாவாசைக்கு அரை வயித்தோட போகட்டும்."

காக்கை தண்ணீர்த் தொட்டி மேல் போய் உட்கார்ந்து கத்தியது. இருவரும் திரும்பிப் பார்க்காமல் கீழே இறங்கினார்கள்.

"இலையப் போடுடி. பசி காத அடைக்குது."

தேவயானி பரிமாறினாள். சந்தனம்மாள் ஒரு கவளம் வாயில் வைத்தாள். குழம்பு அவள் கையால் வைத்ததைவிட ஒரு படி மேலாகவே இருந்தது. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"எப்படிக்கா இருக்கு?" தேவயானி அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"புளி கூடிப்போச்சு" என்றாள் சந்தனம்மாள். "சட்டிய இங்கிட்டுத் தள்ளு."